எந்தத் தெரு?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் விடுதியில் இருந்த நாட்களில் யாராவது ஊர் கேட்டால் சொல்வேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்த தெரு என்பேன். அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு திண்ணைகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் நீ, பக்கத்திலேயே நிற்பாய். ஒன்றும் சொல்ல மாட்டாய்.

போன மாதம் பாமாவின் 'கருக்கு' மறுபடி படித்தேன். 1992இல் வந்த அவருடைய தன்வரலாறு. பனைமட்டைக் கருக்கு கையைக் கிழிப்பது விறகு பொறுக்கிய நமக்குத் தெரியும், அதனால் தலைப்பே அன்று என்னை இழுத்தது. அதில் ஒரு பஸ் காட்சி வருமே! பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பாமாவிடம் எந்தத் தெரு என்று கேட்பார். சேரி என்றதும் எழுந்து போய்விடுவார், இல்லையென்றால் பாமாவை எழச் சொல்வார். பாமா அசைய மாட்டார். சாதியை மாற்றிச் சொல்லிவிடு என்று பெற்ற தாயே சொல்லியும் கேட்கவில்லை. என்னிடம் கேட்ட அதே கேள்விதான் மாப்ளே. முதல் தடவை அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

2018இல் மகளோடு 'பரியேறும் பெருமாள்' படத்துக்குப் போயிருந்தேன். கடைசியில் வரும் இரண்டு டீ கிளாஸைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என்னால் வேறொரு இடத்தைத் தாண்ட முடியவில்லை. கல்லூரியில் அப்பாவை அழைத்து வா என்றதும் கதாநாயகன் பரியன் வேறு ஒருவரை அப்பா என்று கூட்டி வருகிறானே, அந்த இடம். அவன் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிறவர். வெட்கப்பட வேண்டியவன் அவனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது எனக்கு உடம்பிலேயே தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் எதிர்த்த தெருக் கதையை முழுசாகச் சொன்னேன். அதுவரை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது மகள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறாள். ஒரு வீட்டுக்காரர் ஊர் கேட்டாராம், அப்புறம் தெரு. எங்கள் தெருப் பெயரையே சொல்லியிருக்கிறாள். வீடு இல்லை என்றுவிட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள், உனக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்.

அந்த நாட்களில் நீ ஏன் பேசாமல் நின்றாய்? என்னைக் காப்பாற்றவா, அல்லது உனக்கும் கஷ்டமாக இருந்ததா? இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. எழுது.

அன்புடன்,
உன் அறைத்தோழன்