உங்கள் கூடாரத்தைச் சுமப்பவரோடு பேசுங்கள்: இன்கா பாதைக்குப் புறப்படும் தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பெரு நாட்டு மலையில் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு ரயிலில் போகாமல் இன்கா பாதையில் நான்கு நாள் நடந்தே போவது என்று முடிவெடுத்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மலைநோய்க்கு எந்த மாத்திரை, நடைக்கு எந்தக் காலணி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, உங்கள் கூடாரத்தையும் அடுப்பையும் அரிசியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு உங்களுக்கு முன்னால் விரையப்போகும் மனிதர்களைப் பற்றி.

அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி உண்டு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயணிகள் அல்லர், சுமை தூக்குவோரும் சமையற்காரர்களும் வழிகாட்டிகளுமே. சுமை தூக்குவோரில் பெரும்பாலோர் குஸ்கோ நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் பயிரிடும் உழவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது கெச்சுவா என்னும் மொழி.

ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று பெரு நாட்டில் 2001ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பாதை தொடங்கும் இடத்தில், அதாவது குஸ்கோவிலிருந்து வரும் ரயில் தடத்தின் 82ஆம் கிலோமீட்டரில், தராசு வைத்து ஒவ்வொரு மூட்டையையும் நிறுக்கிறார்கள். எங்கள் குழுவின் மூட்டைகளும் அங்கே சரியாகவே நின்றன. ஆனால் முதல் வளைவைக் கடந்ததும், அதுவரை வேறு பைகளில் இருந்த தகர டப்பாக்களும் உறங்கும் பாய்களும் அந்த மூட்டைகளுக்கே இடம் மாறின. நான் பணம் கட்டிய நிறுவனத்தின் ஆள்தான் அதைச் செய்யச் சொன்னார். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வார்மிவாஞ்யூஸ்கா கணவாயை நோக்கி, வெறும் தண்ணீர்ப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நான் ஏறுகையில், அந்த மூட்டைகளைச் சுமந்தவர்கள் பழைய டயரில் வெட்டிய செருப்புகளோடு என்னைக் கடந்து போனார்கள். அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

பணம் கட்டும் முன்பே, சுமை தூக்கும் ஒருவருக்கு எத்தனை கிலோ, அவர்கள் உறங்கும் கூடாரத்துக்குத் தரை விரிப்பு உண்டா, என்ன சாப்பிடுவார்கள், கூலி எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். உங்கள் உடைமைக்கு 7 கிலோ என்று ஒதுக்கியிருந்தால் அதற்குள் அடங்குங்கள்; மிஞ்சுவதையும் யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும்.

இனி மொழியைப் பற்றி. கெச்சுவாவை அவர்கள் ரூனாசிமி, மனிதரின் பேச்சு, என்கிறார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெருவில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாய்மொழியாகக் குறித்தார்கள். 1975இல் அது ஆட்சிமொழி என்ற தகுதியையும் பெற்றது. இருந்தும் நகரத்துக்குப் போனால் அதைப் பேசக் கூச வைக்கும் சூழல் இன்னும் மறையவில்லை. நீங்கள் கற்றுக்கொண்டு போகும் நாலு ஸ்பானிய வாக்கியங்களோடு இந்த மொழியிலும் நாலு சொல் கற்றுப் போங்கள்.

தமிழருக்கு அது கடினமாக இராது என்று துணிந்து சொல்வேன். நம்மைப் போலவே அவர்களும் சொல்லின் பின்னால் ஒட்டுகளை அடுக்கியே பேசுகிறார்கள். 'வந்தானாம்' என்று நாம் சொல்வதுபோல, பிறர் சொல்லக் கேட்டதற்கு அவர்களிடம் 'சி' என்ற ஒட்டு உண்டு. தானே கண்டறிந்ததற்கு 'மி' உண்டு. தராசைக் கடந்தபின் நடந்ததை அவர்கள் மொழியில் சொல்ல நேர்ந்தால், நான் 'மி' சேர்த்துத்தான் சொல்வேன். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடும் அங்கே அப்படியே இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் ஞோகாஞ்சிஸ், சேர்க்காவிட்டால் ஞோகாய்கு. மூன்றாம் நாள் மாலை, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், எங்கள் சமையற்காரர், அங்கே எல்லோரும் மெல்லும் கொக்கா இலைகளை என்னிடம் நீட்டியபடி ஏதோ சொன்னார். அந்தப் பேச்சில் ஞோகாஞ்சிஸ் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

உறவுச்சொல்லில் மட்டும் கவனம் தேவை. ஆண்கள் ஒருவரை ஒருவர் 'வாய்கி', அதாவது சகோதரா, என்று அழைப்பதைக் கேட்டு, பெண்ணாகிய நானும் அப்படியே அழைத்தேன். பெண் தன் சகோதரனைத் 'துரா' என்றே சொல்ல வேண்டும் என்று அவர்கள் பொறுமையாகத் திருத்தினார்கள். நம் மொழி மூத்தவரா இளையவரா என்று பார்த்து அண்ணன், தம்பி என்று பிரிக்கிறது. அவர்கள் மொழி அழைப்பவர் ஆணா பெண்ணா என்று பார்க்கிறது. பெண் இன்னொரு பெண்ணை 'ஞாஞா' என்பாள். ஆண் தன் சகோதரியைப் 'பானா' என்பான். வயதில் பெரியவரைத் 'தாய்தாய்' என்றால் நம் 'ஐயா' போல மரியாதையாக இருக்கும். நலம் கேட்க 'அல்யில்யாஞ்சு'. நன்றி சொல்லச் 'சுல்பாய்கி'.

இந்தக் கடைசிச் சொல்லை நான்காம் நாளுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அன்று விடியும் முன்பே அவர்கள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்கக் கீழே இறங்கிவிடுவார்கள். நீங்கள் மச்சு பிச்சுவின் வாசலுக்கு நடந்து சேரும்போது அவர்கள் உங்களோடு இருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் இரவே, கையில் அன்பளிப்போடு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய்ச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அந்தப் பாதையில் நடந்து திரும்பிய ஒரு தமிழ்ப் பெண்