ரெசின் சரளைத் தளம் இறுகும் காலம் குறித்து

அன்புள்ள ரவிக்கு,

வணக்கம். மகளுக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்த செய்தி எங்கள் இருவருக்கும் பெருமகிழ்ச்சி அளித்தது. இங்கே லெஸ்டரில் நலம். வீட்டு முன்பக்கத்துக்கு, சரளைக் கற்களை ரெசின் என்ற பிசினில் குழைத்துப் பரப்பும் ரெசின் சரளைத் தளம் போட்டு முடித்தோம். நீயும் நவம்பரில் போடவிருப்பதாகவும், மறுநாளே காரை ஏற்றலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த வாக்குறுதி எனக்குக் கவலை தருகிறது.

சுமார் 20 டிகிரி வெப்பமுள்ள நாளுக்கு அவர் சொல்வது பொருந்தும்: சில மணி நேரத்தில் நடக்கலாம், 24 மணி நேரத்தில் கார் ஏற்றலாம். நவம்பரிலோ வெப்பம் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிடுவதால், ஒன்றாகக் கலந்து இறுகும் ரெசினின் இரு பாகங்களும் வினைபுரியும் வேகம் தளர்ந்து, காருக்கு இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்க நேரும். குளிருக்கென்று வினையூக்கி சேர்ப்பார்கள். அது காத்திருப்பைக் குறைக்கும், ஆனால் கரணையால் தேய்த்துச் சமன்செய்யும் அவகாசத்தையும் சேர்த்தே குறைக்கும்.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இறுகாத பாலியூரித்தேன் ரெசினில் தண்ணீர் பட்டால், அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். எங்கள் வீட்டில் மழைநீர்க் குழாய் சொட்டிய மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக நுரைத்துவிட்டது. நகத்தால் நெருடினாலே கூழாங்கல் உதிர்ந்தது. அதை வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. நவம்பரில் மாலையானதுமே பனி இறங்கிவிடும் என்பதால், வேலையைக் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிக்கச் சொல்.

அடியில் புதுத் தார்த்தளம் போடுவதாக இருந்தால், அதன் எண்ணெய்ப்பசை அடங்க ஓரிரு வாரம் விட வேண்டும். புதுக் கான்கிரீட்டுக்கு இன்னும் கூடுதலாக. நீர் உட்புகும் தளம் என்பதற்காகத்தானே இதைத் தேர்ந்தெடுத்தாய்? (2008 முதல் இங்கிலாந்தில், முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, மழைநீரைத் தெருவுக்கு விட்டால் அனுமதி வாங்க வேண்டும்.) ஆகவே அடித்தளமும் நீரை உள்ளே விடும் வகையாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

கார் ஏற்றலாம் என்று சொன்ன பிறகும், முழு வலிமை வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பாதே. சக்கரம் முறுக்குவதில் கற்கள் பெயர்ந்துவிடும்.

ரெசின் தயாரிப்பாளரின் தகவல் தாளில் 8 டிகிரிக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேள். அவர் தயங்கினால், வேலையை மே மாதத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது என்பேன். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
முருகேசன்