சேவல், புறா, குக்கர்

தம்பி, நேத்து போன்ல நீ சொன்னதையே நெனச்சிட்டு இருந்தேன், சோப்பு பிஸ்கட்டுக்கு விளம்பரம் பண்ற உங்க ஆபீஸ் இப்ப ஒரு கட்சிக்கு தேர்தல் வேலை எடுத்திருக்கு, உன்னையும் அந்த டீம்ல போட்டிருக்காங்கன்னு. தாராளமா போ. ஆனா "கட்சியும் ஒரு பிராண்டுதாம்ப்பா"ன்னு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொன்ன பாரு, அதுக்குத்தான் சிரிச்சேன். சுவத்துல சுண்ணாம்பு அடிச்சு சின்னம் எழுதித்தானடா உன்னைய படிக்க வச்சேன்.

1989 சட்டசபை எலக்சன் அப்ப நீ பொறக்கல. எம்ஜிஆர் போனப்புறம் அதிமுக ரெண்டா உடைஞ்சு இரட்டை இலைய தேர்தல் கமிஷன் முடக்கிருச்சு, ஜெயலலிதாவுக்கு சேவல், ஜானகியம்மாவுக்கு இரட்டைப் புறா. இலைய கண்ண மூடிட்டு எழுதிரலாம், இந்தச் சேவலுக்கு வால் வளைவு வரவே வராது, பாதி சுவத்துல கோழியாட்டம் நிக்கும், கூலி மட்டும் அதே கூலி. எம்ஜிஆர் படத்த ரெண்டு பேரும்தான் போட்டாங்க. சேவல் 21 சதவீதம் போல ஓட்டு வாங்கியும் 27 சீட்டுதான், ஜானகியம்மா ஆண்டிபட்டியிலயே தோத்தாங்க, 33 சதவீதம் வாங்குன திமுக தனி மெஜாரிட்டியோட 13 வருஷம் கழிச்சு கோட்டைக்குப் போச்சு.

உடனே லோகோதான் எல்லாம்னு ஸ்லைடு போட்றாத. 2017 டிசம்பர்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல ஒரிஜினல் இலை அதிமுக வேட்பாளர் மதுசூதனன்கிட்ட இருந்துச்சு, எதுத்து சுயேச்சையா நின்ன தினகரன் தொப்பி கேட்டு கிடைக்காம குக்கர் வாங்குனாரு, ஓட்டுக்கு ரெண்டே வாரம், 40,707 வித்தியாசத்துல குக்கர் ஜெயிச்சுது. பணப்பட்டுவாடான்னு ஏப்ரல்ல தேர்தலையே ரத்து பண்ணுன தொகுதி அது, அதையும் சேத்து யோசி, உங்க பிபிடில அந்தச் செலவு வராது. 2019 எம்பி எலக்சன்ல அவர் கட்சிக்கு பரிசுப்பெட்டி சின்னம் குடுத்தாங்க, ஒரு சீட்டு கூட வரல.

அப்புறம் "மாற்றம் முன்னேற்றம் அன்புமணி". 2016ல காலேஜ்ல நீயே அதச் சொல்லிட்டு திரிஞ்ச, அத கேக்காத ஆளே தமிழ்நாட்டுல கிடையாது. பாமகவுக்கு 5 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, சீட்டு முட்டை, அன்புமணியே பென்னாகரத்துல தோத்தாரு. மார்க்கெட்ல 5 சதவீதம் புடிச்ச சோப்புக்காரன் பங்களா கட்டுவான், ஏன்னா அவன் சோப்பு எந்த ஊர்ல வித்தாலும் காசு காசுதான். இங்க தொகுதிக்கு ஒருத்தன்தான், ஊரெல்லாம் ரெண்டாவதா வந்து ஒரு புண்ணியமும் இல்ல, சிதறிக் கெடக்குற ஓட்டுக்கு ஒரு நாற்காலி கூட கிடைக்காது.

அதனால மொத மீட்டிங்லயே கேளு, எந்தெந்த தொகுதி, அங்க பூத்ல உக்கார ஆள் இருக்கான்னு. அதுக்கு பதில் சொல்லாம கலரு, பாட்டு, ஹேஷ்டேக்னு பேசுனாங்கன்னா சம்பளத்த மாசாமாசம் கறாரா வாங்கிரு, எலக்சன் முடிஞ்சு மொத்தமா தரோம்பாங்க, ஒத்துக்காத. தோத்துப்போன வேட்பாளர் சுவத்துக்கு பாக்கிய தேடி வந்து குடுத்து நான் பாத்ததே இல்ல.

அப்பா