வால்பாறை எஸ்டேட் குழந்தைகளுக்கு ஆரம்பநிலை சிகிச்சையை மலைமேலேயே தரக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வால்பாறையிலேயே வாராந்திர சிகிச்சையும் உதவியும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) பிறந்து வளர்ந்தவள். இப்போது எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாக்கள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுப் போகிறார்கள். எந்தக் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, எது கூப்பிட்டால் திரும்பவில்லை, எது ஒன்றரை வயசாகியும் நடக்கவில்லை என்பது டாக்டருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மனு.

கண்டுபிடிக்கும் வேலை ஓரளவு நன்றாகவே நடக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் வந்த மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை பள்ளிக்கும் வந்து பார்க்க வேண்டும். குறை இருந்தால் சீட்டு எழுதி மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர், சிறப்புக் கல்வி ஆசிரியர் என்று எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டமே. நல்ல திட்டம். ஆனால் அந்த மையம் இருப்பது கோவையில், குழந்தை இருப்பது இங்கே. நடுவில் 40 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பொள்ளாச்சி, அப்புறம் இன்னொரு பஸ், மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன்னால் கிளம்பினாலும் வீடு திரும்ப இருட்டிவிடும். மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, துணைக்கு ஒருவர் வந்தால் அவர் சம்பளமும் சேர்ந்து போகும். குழந்தை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போகும். ஒரு தடவை என்றால் எப்படியோ கடன் வாங்கிப் போய்விடலாம், ஆனால் இந்தச் சிகிச்சை எதுவும் ஒரு தடவையில் முடிவதில்லை.

எங்கள் காப்பகத்தில் ஒரு பையன், பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பி இருந்தது. இதற்கு ஆபரேஷன்கூடப் பெரிதாக வேண்டாம். வாரம் ஒரு முறை மாவுக்கட்டு மாற்றி ஐந்தாறு வாரத்தில் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி, பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல் போட்டு, பிறகு கம்பி வைத்த ஷூவை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்கவும், அப்புறம் நாலு வயசு வரை ராத்திரியில் தூங்கும்போதும் போட்டு வைத்தால் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடலாம். இவனுக்கு மூன்றாவது கட்டோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, கொழுந்து அதிகம் வரும் சீசனில் தொடர்ந்து லீவு கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். பாதம் மறுபடி திரும்பிவிட்டது. இப்போது அவன் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடக்கிறான், அந்த இடத்துத் தோல் காய்ந்து தடித்துப் போயிருக்கிறது.

காது விஷயம் இன்னும் அவசரம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன்) செய்யவும் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். இங்கே என்ன ஆகிறது தெரியுமா? இப்போது எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து நிறையக் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால் எல்லோரும் சொல்வது, 'அதுக்குத் தமிழ் தெரியாது, போகப் போகப் பேசும்'. பின்னால் தட்டு விழுந்தால்கூடத் திரும்பாத பிள்ளைக்கு எந்த மொழி தெரிந்தால் என்ன? அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போய்விடும், பெயர் எந்தப் பதிவேட்டிலும் தொடராது. இந்தக் குடும்பங்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2025 ஜூனில் லைன் வீட்டுப் பக்கத்திலேயே ஜார்க்கண்ட் தொழிலாளியின் சின்னப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போனதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

உடம்பில் குறை இல்லாவிட்டாலும் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அப்பா குடியிலேயே கிடக்கிற வீடு, அம்மா இறந்து பாட்டி வளர்க்கிற வீடு, அப்பா விட்டுப் போன வீடு. குழந்தைப் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழி இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு இது தெரியாது, தெரிந்தாலும் வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய உடம்பில் தெம்பு கிடையாது. பிள்ளை எட்டாவதோடு நின்று வேலைக்குப் போன பிறகு, இல்லை கல்யாணம் பேசிய பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது போன் செய்வார்கள், அப்போது அதிகாரிகள் வருவார்கள். முன்பே வந்திருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. வால்பாறை அரசு மருத்துவமனையில் ஓர் அறை ஒதுக்கி, வாரம் ஒரு நாள், மாறாத கிழமையில், பிசியோதெரபிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சியாளரும் கோவையிலிருந்து வந்து போக வேண்டும். மாவுக்கட்டு போடத் தெரிந்த மருத்துவரும் அதே நாளில் வந்தால் அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகள் பாதியில் நிற்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற சேவை மையங்களும் சிகிச்சை தரும் ஊர்திகளும் வருவதாகச் செய்திகளில் பார்க்கிறோம், அப்படி ஓர் ஊர்தி தூரத்து எஸ்டேட்டுகளுக்கும் வர ஏற்பாடு செய்யுங்கள். கோவைக்குப் போயே ஆக வேண்டிய குழந்தைக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் செலவு தர வேண்டும், அந்த நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகத் தர எஸ்டேட் நிர்வாகங்களிடம் நீங்கள் பேச வேண்டும். நாங்கள் கேட்டால் நடக்காது, நீங்கள் கூப்பிட்டுச் சொன்னால் நடக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்க வால்பாறைக்கென்று ஒரு சமூகப் பணியாளர் வேண்டும், ஹிந்தியும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. எந்தக் குழந்தை போன வாரம் வரவில்லை, ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்கவும், நிதி ஆதரவுக்கான காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்கவும், எஸ்டேட் மாறினால் புது இடத்து அங்கன்வாடிக்குச் சொல்லவும் அந்த ஒருவர் போதும். எங்களைப் போன்ற காப்பக ஊழியர்களுக்கும் அங்கன்வாடி அக்காமார்களுக்கும் எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை மனு நாளுக்குக் கோவை வர எங்களால் முடியவில்லை, அதனால் எழுதி அனுப்புகிறோம். நீங்களோ உங்கள் அதிகாரிகளோ வால்பாறைக்கு வந்து பெற்றோர்களை நேரில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யாருக்கும் சம்பளம் போகாது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவோம்.

இப்படிக்கு,
வால்பாறை எஸ்டேட் குழந்தைகளின் பெற்றோர்களும் காப்பக ஊழியர்களும்