அக்காவுக்கு, ரிட்டயரான மறுநாள்

அன்புள்ள அக்கா,

நேற்றைய விழாவுக்கு நான் வரவில்லை. ஹைகோர்ட்டில் மேட்டர் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். மேட்டர் இருந்தது நிஜம், காலையிலேயே வாய்தா ஆனதும் நிஜம். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பொன்னாடை போடும் வரிசையில் பத்தோடு பதினொன்றாக நிற்க மனசு வரவில்லை. சட்ட அமைச்சகத்தில் உதவிச் சட்ட ஆலோசகராக நுழைந்து கூடுதல் செயலாளர் வரை போன கதையை மேடையில் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் வேறு எதற்கு?

இதை டெல்லித் தமிழர்கள் பலர் படிப்பார்கள், கோர்ட் ஆட்களும்தான். அதனால் எந்தத் துறைமீது, யார் போட்ட வழக்கு என்பதெல்லாம் இங்கே வராது.

ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவில், ஆடிக் கிருத்திகை. படியிறங்கும்போது கேட்டேன்: "அக்கா, அந்த அம்மாவோட குடும்ப பென்ஷன் கேஸ்ல ஜெயிச்சுட்டோம். அப்பீல் போவாங்களா?" நீங்கள் தொன்னையை என் கையில் திணித்தீர்கள். "பொங்கல் சூடா இருக்கு, சாப்பிடு." அவ்வளவுதான். செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டீர்கள். நெய் விரல் வழியாக முழங்கைக்கு ஒழுக, நான் அங்கேயே நின்றேன்.

ஹைகோர்ட்டில் அரசு தோற்றால், அப்பீல் போகலாமா என்று கருத்துக் கேட்டு கோப்பு உங்கள் அமைச்சகத்துக்குத்தான் வரும். சுப்ரீம் கோர்ட் போக 90 நாள் கெடு. 'மேல்முறையீடு தேவையில்லை' என்று ஒருவர் நாலு வரி எழுதினால் ஒரு குடும்பம் பிழைக்கும். அந்தக் கோப்பில் அப்பீல் வரவில்லை. அந்த அம்மா கைக்குப் பணம் வந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள்தான் என்று நினைத்து ஒரு வருஷம் உங்களைக் கும்பிட்டேன்.

அப்புறம் இன்னொரு கேஸ். அதிலும் ஜெயித்தோம். கெடு முடியப் போகிற நேரத்தில் அப்பீல் வந்தது. அதையும் நீங்கள்தான் எழுதினீர்கள் என்று நினைத்துக்கொண்டு போன் செய்வதையே நிறுத்தினேன். இரண்டு கோப்பும் உங்கள் மேசைக்கே வராமல் இருந்திருக்கலாம். கேட்டாலும் சொல்லமாட்டீர்கள். சொல்லாததுதான் சரி, வக்கீலாக எனக்கு அது புரிகிறது.

ஆனால் என் கல்யாணத்துக்கு வராதது எந்த ரகசியக் காப்பு? முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்கச் சொல்கிறது, வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் 49வது விதி. எங்களோடு பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை அக்கா. சட்ட அமைச்சகத்தில் இருப்பவர் வக்கீல் வீட்டு வாசலில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வாஸ்தவம். பேசட்டுமே என்று ஒருநாளாவது உங்களுக்குத் தோன்றவில்லையா?

சரி, விடுங்கள். திரும்பத் தொழில் தொடங்க பார் கவுன்சிலுக்கு மனு போட வேண்டும். தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் பாக்கி. பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டில் என் சேம்பரில் ஜன்னலோர மேசை காலி. வாடகையில் பாதி உங்களுடையது, சீனியர் என்று சலுகையெல்லாம் கிடையாது.