பதிவேட்டை எடுத்து வைத்த அக்காவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கண்காட்சி முடிந்து படங்களைக் கோவில்பட்டிக்கு ஏற்றி வந்துவிட்டேன். சட்டங்களைச் சுற்றிய துணியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் நன்றி ஆறிப்போய்விடும் என்ற பயத்தில் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

படம் பார்க்க வருகிறவர்களோடு தொடர்பு வைத்திருந்த என் சமூக ஊடகக் கணக்கு எப்படிப் போனது, அதைத் திரும்பப் பெற என்னவெல்லாம் செய்து பார்த்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் என்னோடு சேர்ந்து அதற்காக மல்லுக்கட்டியவர்கள். மறுபடி அதை எழுத மனம் இல்லை. அரங்கத்துக்கு வாடகை கட்டியாகிவிட்ட நேரத்தில், வரச் சொல்லிக் கூப்பிட ஒருவர் பெயரும் கையில் இல்லாமல் நின்றேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எல்லோருக்கும் முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். திருநெல்வேலியில் நான் படங்கள் வைத்த அரங்கத்தைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்பவர் அவர். சுவர்களை அளந்துகொள்ள நான் போயிருந்த அன்று, ஏன் தம்பி முகம் இப்படி வாடிக் கிடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். செல்போன் விவகாரம் தனக்குப் புரியாது என்றார். ஆனால் பேசிக்கொண்டே துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய், பழுப்புத் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். முந்தைய முறை அதே அரங்கத்தில் நான் படங்கள் வைத்தபோது வாசல் மேசையில் இருந்த பார்வையாளர் பதிவேடு அது.

கண்காட்சி வைத்தவர்களுக்கு இந்த நோட்டின் கதி தெரியும். வருகிறவர்கள் பெயர், ஊர், முகவரி, இரண்டு வரி கருத்து எழுதுவார்கள். கடைசி நாளில் படங்களை இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, வண்டிக்காரரோடு வாடகை பேசி முடிக்கும்போது இருட்டிவிடும். மறுநாள் காலை அந்த இடத்தில் வேறு நிகழ்ச்சி. வாடிய மாலையும் காலித் தண்ணீர்ப் பாட்டில்களும் போகிற வழியில் நோட்டும் போய்விடும். அக்கா இதைப் போகவிடவில்லை. மகனுடைய பள்ளிப் புத்தகங்களுக்கு வாங்கிய தாளில் மிச்சத்தை எடுத்து அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அதில் என் பெயரும் கண்காட்சி நடந்த மாதமும் எழுதி வைத்திருக்கிறார். ஏன் அக்கா இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஆட்கள் ஊரும் பேரும் தன் கையால் எழுதியிருக்கிறார்களே தம்பி. எடைக்குப் போட எப்படி மனசு வரும்?”

அன்று இரவு முழுவதும் அந்த நோட்டைப் படித்தேன். சாத்தூர், கயத்தாறு, அம்பாசமுத்திரம், தூத்துக்குடி என்று எத்தனை ஊர்கள்! ஒருவர் ‘நன்று’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளாடு படத்துக்காக ஒருவர், ‘இந்த ஆடு என்னை முறைக்கிறது, எங்கள் வீட்டு ஆடும் இப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறார். நான் செதுக்கி அச்செடுத்த கழுகுமலைப் பாறைப் படத்தில் மேற்குப் பக்கத்து நிழல் தவறு என்று ஒரு பெரியவர் விளக்கமாக அரைப் பக்கம் எழுதி, சரிபார்க்க வேண்டுமானால் நேரில் வரலாம் என்று வீட்டு முகவரியும் கொடுத்திருக்கிறார். தீப்பெட்டி ஒட்டும் பெண்களின் படத்தைப் பற்றி, ‘என் அம்மாவின் விரல்கள்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, கதவு எண் இருக்கிறது. இவர்கள் பஸ் ஏறி வந்து படத்தின் முன் நின்றவர்கள். திரும்பவும் கூப்பிடு என்று சொல்லாமல் சொல்லி முகவரி தந்துவிட்டுப் போனவர்கள்.

மறுநாள் தபால் நிலையத்தில் அஞ்சலட்டைகள் வாங்கினேன். ஓர் அட்டை இன்றும் 50 பைசாதான். லினோ என்னும் மென்மையான விரிப்புத் துண்டில் சிறியதாக ஒரு பனையைச் செதுக்கி எல்லா அட்டைகளிலும் அச்சடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அச்சிட்ட அட்டைக்குக் கட்டணம் வேறு என்றார்கள். அதனால் கையாலேயே எழுதினேன். எழுதியபோதுதான் அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று தெரிந்தது. அச்சடித்திருந்தால் எல்லோருக்கும் ஒரே வாசகம் போயிருக்கும். கையால் எழுதியதால், அவரவர் நோட்டில் சொன்னதை அவரவருக்கே சொல்ல முடிந்தது. ‘என் ஆடு உங்களை முறைத்ததாக எழுதியிருந்தீர்கள். இந்த முறை அது குட்டி போட்டிருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று ஒருவருக்கு. ‘ஐயா, நிழலைத் திருத்தி மறுபடி செதுக்கியிருக்கிறேன்’ என்று கழுகுமலைப் பெரியவருக்கு.

சில அட்டைகள் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. பல அட்டைகளுக்குப் பதில் இல்லை. ஆனால் முதல் நாள் காலை அரங்கத்தைத் திறந்தபோது வாசலில் காத்திருந்தவர் கையில் என் அட்டை இருந்தது. சாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்து, புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று மாட்ட வேண்டும் என்று குட்டி ஆட்டுப் படத்தை வாங்கிப்போனது. கழுகுமலைப் பெரியவர் வந்தார். பாறைப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். நோட்டில் ‘இப்போது சரி’ என்று எழுதினார். எந்தப் பரிசும் எனக்கு இந்த நிறைவைக் கொடுத்ததில்லை.

அக்கா, இதை உங்கள் மகன் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த ஆண்டு நான் உளியைத் தொட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு என் வணக்கம்.

இனி மற்றவர்கள். சட்டம் போடும் கடை அண்ணாச்சி, பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடி வெட்டிக் கொடுத்தார். சிவகாசி அச்சக நண்பர் வெட்டி மிஞ்சிய தாள்களில் நோட்டீஸ் அடித்துத் தந்தார். அதைத் தங்கள் வண்டிகளின் பின்புறம் ஒட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர்கள், காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் அறிவித்த தமிழாசிரியை, பின்னட்டையில் பனைமரப் படத்தை வெளியிட்ட சிற்றிதழ் ஆசிரியர் ஆகியோரையும் மறக்கமாட்டேன். முடிதிருத்தகத்தில் இரண்டு படங்களை மாட்டி வைத்த தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. காத்திருக்கும் ஆட்கள் வேறு வேலையில்லாமல் அரை மணி நேரம் படத்தையே பார்க்கிற இடம் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த நாட்களில் ஓவியர் கொண்டைய ராஜுவை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராக எங்கள் ஊருக்கு வந்து, இங்கேயே தங்கி, 1976இல் மறையும்வரை வரைந்தவர். அவருடைய முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, கீழே ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயரைத் தாங்கி, தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் போனார்கள். இன்றும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியாகிறது. முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுக்கிறார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் செய்து விற்ற காசுதான் கைகொடுத்தது. படம் மக்களிடம் போவதற்கு நம் முன்னோர் நடந்தே போட்ட பாதைகள் இவை. என்னைப் போன்றவர்கள் அவற்றில் புல் முளைக்க விட்டுவிடக் கூடாது.

புதிய கணக்கு தொடங்கச் சொல்கிறீர்கள். தொடங்கலாம், அதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் இனி எந்தக் கண்காட்சி என்றாலும் முதல் செய்தி அஞ்சலட்டையில்தான் போகும். தைக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று என்று நோட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என் கையால் எழுதுவேன். வாசல் மேசையில் நன்றாக எழுதும் பேனா இருக்கும். சிறியவர்களும் எழுதும்படி மேசையைத் தாழ்த்திப் போடுவேன்.

திருநெல்வேலிப் பக்கம் படம் வைத்த நண்பர்களுக்கு ஒரு செய்தி. அக்காவின் அறையில் இன்னும் சில நோட்டுகள் இருக்கின்றன. என்னுடையதைப் போலவே அட்டை போட்டு, பெயர் எழுதி வைத்திருக்கிறார். அந்த அரங்கத்தில் கண்காட்சி நடத்தியவர்கள் போய் வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு போனால் அவரைப் பார்க்கலாம்.