பாதி மாத்திரை: பிரஷர் ஆய்வு செய்வோருக்கு ஒரு மடல்

தெற்காசியக் கிராமங்களில் இரத்த அழுத்த ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

இலங்கையின் வன்னியில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பிரஷர் கிளினிக். விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பார். வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றும் என்று அன்று காலை மாத்திரையை விட்டுவிடுவார். வரிசையில் நின்று களைத்த கையில்தான் பட்டியைச் சுற்றுகிறார்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது யாராலும் முடியாது. வந்த எண் கிளினிக் கொப்பியில் ஏறுகிறது, மாத்திரையும் கூடுகிறது. ஒரு வகை தீர்ந்துபோயிருந்தால், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். அம்மா வாங்கமாட்டார். கையில் இருப்பதைக் கத்தியால் பாதியாக வெட்டி அடுத்த கிளினிக் வரை ஓட்டுவார். கேட்டால், "நிறுத்தவில்லையே பிள்ளை, குறைத்துத்தானே போடுகிறேன்" என்பார்.

அந்தப் பாதி மாத்திரைகளைக் கண்ட பிறகுதான் உங்கள் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இலங்கை வைத்தியசாலை கிளினிக்குகளுக்கு வந்த 700 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதத்தினருக்கு அழுத்தம் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம்தான். அடுத்து 2020-இல் கோப்ரா ஆய்வு. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசு சுகாதார ஊழியர்களே வீடு தேடிப் போய் அளந்தார்கள், உணவு பற்றிப் பேசினார்கள், கூடியிருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் அவர்களின் மேல் அழுத்தம், வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றவர்களைவிட 5 புள்ளிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது.

படிக்கப் படிக்க மகிழ்ச்சியும் கோபமும் சேர்ந்தே வந்தன. வாசலிலேயே அளவு, நாளுக்கு ஒரு மாத்திரை. அம்மாவின் பஸ்ஸுக்கும் கத்திக்கும் இதைவிட நல்ல பதில் எது? அதைக் கண்டுபிடித்ததும் எங்கள் மக்களின் கையில் பட்டி சுற்றித்தான். எங்கள் படலையைத் திறந்துகொண்டு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை.

பயன் தந்த சிகிச்சை, ஆய்வு முடிந்த பின்னும் பங்கேற்றவர்களுக்குக் கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம். அந்த ஏற்பாடு பக்கத்து ஊர் வரைக்கும் நீள வேண்டும் என்று கேட்கிறேன். முதல் ஆளின் கையில் பட்டி சுற்றுமுன், முடிவு நல்லதாக வந்தால் அந்த மாத்திரையை யார் வாங்குவார்கள், எந்த ஆண்டுக்குள் அது கிளினிக்குகளுக்கு வரும் என்பதைச் சுகாதாரத் துறையோடு பேசி எழுதிவையுங்கள். வீடு வீடாகப் போகப் போவது யார் என்பதையும் எழுதுங்கள். தாய் சேய் நலத்துக்காக அலையும் குடும்பநல உத்தியோகத்தரின் தோளிலேயே இதையும் ஏற்றுவதாக இருந்தால், கூடுதல் ஆளுக்கும் பயணப் படிக்கும் சேர்த்தே பணம் கேளுங்கள்.

அடுத்த முறை கிராமத்துக்கு வரும்போது கொப்பியில் உள்ள எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். மாத்திரை உறையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதிகளையும் எண்ணுங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மகள்